விழுந்த பிள்ளை எழ வேண்டும்: மதுரை மைதானத்துத் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்

தோழர்களே!

தை பிறக்கச் சில வாரங்களே இருக்கின்றன. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்குப் பெயர் கொடுக்க நம் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் பொங்கல் கபடிக்கு மண்ணைக் கொத்திக் களம் போடுகிறார்கள். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் விடியும் முன்பே தம்பிகளும் தங்கைகளும் காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று தம்பிகள் தம் பிடித்து ஓடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருக்கலாம். பார்த்தால் திடகாத்திரமான உடம்பு. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்திருக்க மாட்டார். அது யார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓட்டத்தின் உச்சத்தில் ஒரு நாள் விழுவார். விழுந்த பிறகு அவருக்கு மிச்சமிருப்பவை சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் அவர் பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். கூட ஓடியவர், கூட ஆடியவர், கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டியவர் என நாம்தான் இருப்போம்.

ஆகவே இரண்டே முழக்கங்களோடு உங்களை அழைக்கிறோம்.

ஒன்று: ஓடும்போதோ ஆடும்போதோ மயங்கி விழுந்த பிள்ளையை இ.சி.ஜி. எடுத்து டாக்டர் பார்க்காமல் மறுபடி களத்தில் இறக்காதே!

இரண்டு: உணர்வும் மூச்சும் இல்லாமல் விழுந்தவரின் நெஞ்சை அந்தக் கணமே அழுத்தத் தொடங்கு!

தைக்கு முன் இந்த இரண்டையும் மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள ஒவ்வொரு மைதானத்தின் சட்டமாக்குவோம்.

விதி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் கபடி ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே விழுந்து இறந்தார். அந்தக் காணொளி நம் எல்லோருடைய செல்போனிலும் சுற்றியது. அவர் சாவுக்கு எது காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேர், அந்தக் களத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தன்னைக் கேட்டுக்கொண்டோம்? எத்தனை பேர் மறுநாளே போய் முதலுதவி கற்றுக்கொண்டோம்?

2004 டிசம்பர் 5. பெங்களூருவில் பெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் நாட்டு வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த வேகத்தில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். மீண்டும் எழவில்லை. வயது 25. அதே ஊரில் 2012 மார்ச்சில் உள்ளூர் ஆட்டமொன்றில் இன்னொரு கால்பந்து வீரர் சரிந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அவரும் பிழைக்கவில்லை.

இப்போது இன்னொரு நாளைப் பாருங்கள். 2021 ஜூன் 12, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். ஐரோப்பியக் கோப்பையில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டம். முதல் பாதி முடிவதற்குச் சற்று முன் 29 வயது கிறிஸ்டியன் எரிக்சன் பந்தை வாங்கப் போன இடத்தில் மரம்போல் சாய்ந்தார். யாரும் அவர் மேல் மோதவில்லை. இதயம் நின்றுவிட்டது. கேப்டன் சைமன் கியேர் ஓடிவந்து அவரைச் சரியாகக் கிடத்தினார். மருத்துவக் குழு அங்கேயே நெஞ்சை அழுத்தியது. மின்னதிர்ச்சிக் கருவி வந்தது. எரிக்சன் கண் விழித்தார். நெஞ்சில் ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு அடுத்த ஆண்டே மைதானத்துக்குத் திரும்பினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார்.

கிட்டத்தட்ட அதே வயதுக்காரர்கள், அதே விளையாட்டு. ஓரிடத்தில் ஆட்டோ தேடினார்கள். இன்னோரிடத்தில் விழுந்த இடத்திலேயே வேலை தொடங்கியது. இந்த வித்தியாசத்தை விதி என்று சொல்லக் கூடாது, தோழர்களே. இது ஏற்பாடு. ஏற்பாட்டை மனிதர்கள்தான் செய்கிறார்கள். நாமும் செய்யலாம்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசு இருக்கிறது. அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரு சந்தியில் கணநேரம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்த வரிசையில் தசை சுருங்கி விரிவதால்தான் ரத்தம் ஓடுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கு 60க்குக் கீழும் இருக்கும்.

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வடம் பிடிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் இழுப்பதால்தான் தேர் நகர்கிறது. ஒவ்வொருவரும் தன்போக்கில் இழுத்தால் வடம் ஆடும், தேர் நகராது. இதயத்தின் கீழறைத் தசைநார்கள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்போது நடப்பது அதுதான். தசை அதிர்கிறது, ரத்தம் நகர்வதில்லை. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சாகத் தொடங்குகிறது. எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

இதை ஹார்ட் அட்டாக் என்று ஊரார் சொல்கிறார்கள். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. பெரும்பாலும் வயது ஏறியவர்களுக்கு வருவது. இளம் வயதில் விழுகிறவர்களில் பலருக்குக் குழாய் சுத்தமாக இருக்கும். கோளாறு மின்னோட்டத்திலோ தசையிலோ இருக்கும். இதயத் தசை தடித்துப்போவது 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும் நீள் கியூடி கோளாறு ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை இருப்பது இன்னொன்று. 1930இல் அதை விவரித்த மூவரின் பெயரால் டபிள்யூ.பி.டபிள்யூ. என்கிறார்கள். தூக்கத்திலும் கடுங்காய்ச்சலிலும் தாக்கும் புருகாடா கோளாறு 1992இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது.

இதில் எதுவுமே இல்லாதவருக்கும் நெஞ்சின் நடுவே சரியாக ஒரு கணத்தில் விழும் அடி இதயத்தை நிறுத்திவிடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் 2023 ஜனவரி 2 அன்று 24 வயதில் அப்படித்தான் விழுந்தார். களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மாட்டின் தலை முட்டும் வாடிவாசல், முழங்கால் பாயும் கபடிக் களம், பந்து பறக்கும் கிரிக்கெட் திடல் என்று நெஞ்சில் அடி விழும் இடங்களிலேயே நம் வாழ்க்கை. இது நம் விஷயம், தோழர்களே.

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

நெஞ்சு படபடவென்று அடித்தாலே சாவு என்று யாரும் நடுங்க வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடுவதும் விடும்போது குறைவதும் இயல்பு. இடையில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது பலமாக இடிப்பது பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒன்று. தூக்கமின்மை, டீ, சிகரெட், பரீட்சைப் பயம், எனர்ஜி டிரிங்க், முந்தின இரவுக் குடி எல்லாமே அதைத் தூண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பொத்தானை அழுத்தியதுபோல் திடீரென்று நிமிடத்துக்கு 150, 200 என்று துடித்து, அதேபோல் திடீரென்று நிற்பது இன்னொரு வகை. எஸ்.வி.டி. என்று டாக்டர்கள் சொல்வது. பல பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, மனப்பதற்றம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது இதுதான். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இ.சி.ஜி. எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, கோளாறான பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதோடு நோய் தீர்ந்தது.

எச்சரிக்கை மணி வேறு. அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

- ஓடும்போதோ, ஆடும்போதோ, நீந்தும்போதோ மயங்கி விழுவது. ஓடி முடித்து நின்ற பிறகு தலை சுற்றுவதைவிட, ஓட்டத்தின் நடுவே விழுவது மிக ஆபத்தானது.
- பட்டாசு, அலாரம், திடீர்ச் சத்தம், அதிர்ச்சிச் செய்தி கேட்டு மயங்குவது.
- வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டும் அடங்காத மயக்கம்.
- மைதானத்தில் மற்றவர்களுக்கு வராத நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்.
- குடும்பத்தில் யாராவது 40, 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருப்பது.

கடைசியைக் கொஞ்சம் ஊன்றிக் கேளுங்கள். நன்றாக நீச்சல் தெரிந்த பையன் கண்மாயில் மூழ்கினான் என்று கேட்டிருப்போம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழவில்லை, முனி அடித்துவிட்டது என்று கேட்டிருப்போம். நீள் கியூடி கோளாறுள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு நீச்சலே தூண்டுகோல். வேறு சிலருக்குத் தூக்கம். அப்படிப் போன பிள்ளையின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இன்றைக்கு நம்மோடு ஓடிக்கொண்டிருக்கலாம். துக்கம் விசாரிக்கப் போகிற நாம் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கு இ.சி.ஜி. எடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் தோழனுக்கு உண்டு.

நம் ஊரிலேயே கிடைத்த சான்று

இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009 ஜனவரியில் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் அழிந்துபோன ஒரு மாற்றம், தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது என்று அது காட்டியது. இளமையில் ஒன்றும் தெரியாது. வயது ஏற ஏற இதயத் தசை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். அந்த ஆய்வில் பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோருடன் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் நம் அரசு ராசாசி மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைத் துறையும் பங்கெடுத்தன. அந்த மாற்றம் உள்ளவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் பரம்பரை இதயக் கோளாறு நம் மண்ணிலும் உண்டு என்பதற்கு மதுரையே சாட்சி சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டுவது நம் பக்கத்து வழக்கம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்து சேரும்போது, பிறவியிலேயே காது கேளாமையும் நீள் கியூடியும் சேர்ந்து வரும் ஒரு கோளாறு உண்டு. 1957இல் நார்வே டாக்டர்கள் அதை விவரித்தார்கள். அரிதானதுதான். ஆனால் காது கேளாத பிள்ளை ஒன்று அடிக்கடி மயங்கி விழுந்தால், அதை வலிப்பு என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். சிறப்புப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தோழர்களே, உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு இளைஞர்கள் விழும் காணொளி வந்தாலே தடுப்பூசிதான் காரணம் என்று பேச்சுக் கிளம்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை விசாரித்தது. சென்னையில் இருக்கும் அதன் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 19 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 47 மருத்துவமனைகளை இணைத்து, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களைப் பிறரோடு ஒப்பிட்டது. 2023இல் முடிவு வந்தது. தடுப்பூசி திடீர்ச் சாவைக் கூட்டவில்லை. கூடுதல் ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டவை: குடும்பத்தில் திடீர்ச் சாவு, கொரோனாவில் மருத்துவமனையில் படுத்தது, சாவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மட்டுமீறிய குடி, போதைப்பொருள், கடும் உடலுழைப்பு. வதந்தியைப் பரப்பும் நேரத்தில் இந்தப் பட்டியலைப் பரப்புங்கள், தோழர்களே. ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டுக் காலையில் களத்தில் இறங்கும் தம்பியைக் கையைப் பிடித்து வெளியே இழுங்கள். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சாவிக்கொத்தைக் கீழே போடு, நெஞ்சில் கை வை!

ஒருவர் விழுந்ததும் நம் ஊரில் என்ன செய்கிறோம்? கூட்டம் வளைத்துக்கொள்கிறது. முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். சோடா வாங்க ஒருவர் ஓடுகிறார். வெட்டு வந்துவிட்டது என்று இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் இதயம் நின்றவருக்கும் முதல் சில நொடிகள் கை கால் வெட்டி இழுக்கும். குறட்டை போல் விட்டுவிட்டு ஓர் இழுப்பு வரும். அது மூச்சு ஆகாது. மூச்சு இருக்கிறது, வலிப்புதான் என்று நாம் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் உயிர் போகிறது.

இனி இப்படிச் செய்வோம்.

தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்கட்டும். ஊர் பெயரோடு மைதானத்துக்கு வரும் வழியையும் சொல்லட்டும். ஒருவர் சாலைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும்.

மல்லாக்கக் கிடத்து. நெஞ்சின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வை. அதன் மேல் மறு கை. முழங்கையை மடக்காதே. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வரட்டும். நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆம்புலன்ஸ்காரர் வந்து தோளைத் தொடும் வரை நிறுத்தாதீர்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பயிற்சி பெறாத பொதுமக்கள் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சும் ஊத வேண்டும். அதைப் பயிற்சியில் தனியாகக் கற்றுக்கொள்வோம்.

ஏ.இ.டி. என்னும் மின்னதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல். திறந்ததும் அதுவே பேசும். ஒட்டும் தகடுகளை நெஞ்சில் ஒட்டினால் துடிப்பைத் தானே படித்துக்கொள்ளும். தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. பள்ளிக்கூடப் பிள்ளையும் இயக்கலாம்.

விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் தயங்கி நிற்கிறார்கள். தயக்கம் உயிரைக் குடிக்கும். பெண்கள் கபடி அணி, ஹாக்கி அணித் தோழிகளே, முதல் பயிற்சி உங்களுக்குத்தான். ஆண் தோழர்களே, உயிர் போகும் இடத்தில் கூச்சத்துக்கு இடமில்லை. அழுத்துங்கள்.

தயங்குகிறவர்களுக்கு

அழுத்தினால் எலும்பு முறியாதா என்கிறார்கள். முறியலாம். முறிந்த எலும்பு கூடும். நின்ற இதயம் தானாகத் திரும்பாது.

இ.சி.ஜி.யில் ஏதாவது வந்தால் போலீஸ் வேலை போய்விடுமே என்கிறான் தம்பி. தம்பி, பல கோளாறுகளுக்கு மாத்திரை இருக்கிறது, சுடும் சிகிச்சை இருக்கிறது, எரிக்சனுக்கு வைத்தது போன்ற கருவி இருக்கிறது. கண்டுபிடிக்காத கோளாறுக்குத்தான் சிகிச்சை இல்லை. உன் அம்மாவுக்குச் சீருடை போட்ட மகனைவிட உயிரோடிருக்கும் மகன் வேண்டும்.

பெண் பிள்ளை மயங்கி விழுந்ததை வெளியில் சொன்னால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று மூடி மறைக்கிற வீடுகள் இருக்கின்றன. பெற்றோர்களே, அம்மா அப்பாமார்களே, கும்பிட்டுக் கேட்கிறோம். மறைத்து வைத்த மயக்கம் பிரசவத்திலோ, ஒரு சாதாரண மாத்திரையிலோ, ஓட்டத்திலோ திரும்ப வரும். சில ஆன்டிபயாடிக்குகள்கூட நீள் கியூடி உள்ளவர்களுக்கு ஆகாது. டாக்டரிடம் சொல்லிவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துக் காப்பாற்றுவார். ஊருக்குச் சொல்ல வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இ.சி.ஜி. எடுத்தால் போதுமே என்போரும் உண்டு. இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்கள் அனைவருக்கும் இ.சி.ஜி. கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர்ச் சாவு ஆண்டுக்கு லட்சம் பேரில் 3.6 என்பதிலிருந்து 0.4 ஆக இறங்கியது. ஜப்பானில் பள்ளி மாணவர்கள் 1, 7, 10ஆம் வகுப்புகளில் சேரும்போது இ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஆனால் இஸ்ரேல் 1997இல் இப்படியொரு சட்டம் போட்டும் அங்கே சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. எரிக்சனே பல பரிசோதனைகளில் தேறியவர்தான். ஓட்டத்தில் மட்டுமே வெளிப்படும் கோளாறு படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.யில் தெரியாது. ஆகவே பரிசோதனையும் வேண்டும், அழுத்தத் தெரிந்த கைகளும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட யாரையும் விடாதீர்கள்.

டென்மார்க்கைப் பாருங்கள். 2005இல் பள்ளிகளிலும் அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமத்துக்கும் உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001இல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 21 விழுக்காட்டினருக்குத்தான் பக்கத்தில் நின்றவர் நெஞ்சை அழுத்தினார். 2010இல் அது 45 விழுக்காடு. ஒரு மாதம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் 3.5இலிருந்து 10.8 விழுக்காடாக, மூன்று மடங்காக உயர்ந்தார்கள். மக்கள் கற்றுக்கொண்டார்கள், மக்கள் பிழைத்தார்கள்.

இந்த வாரமே தொடங்குவோம்

கபடிக் குழுத் தலைவர்களே! உங்கள் அணியில் நான்கு பேர் அழுத்தப் பழகியிருக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மூவர் இருப்பார்கள். பரிசுக் கோப்பைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் பட்டாசுக்கும் பிரிக்கிற பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஏ.இ.டி. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆகும். ஓர் ஊரால் முடியாவிட்டால் ஐந்து ஊர் சேர்ந்து வாங்குவோம். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊருக்கு எடுத்துப் போவோம்.

மாடுபிடி வீரர்களே! வாடிவாசலுக்கு முன் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். முன்பு மயங்கியிருந்தால் மறைக்காதீர்கள். காளை அடுத்த ஆண்டும் வரும்.

உடற்கல்வி ஆசிரியர்களே! ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கியிருக்கிறாயா? வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஆம் என்று சொன்ன பிள்ளையை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ ராசாசி மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். கையெழுத்திட்ட சீட்டு வரும் வரை ஓட விடாதீர்கள். காசு வாங்காமல், ஐந்தே நிமிடத்தில் எடுக்கும் சோதனை அது.

ஜிம் நடத்தும் தோழர்களே! டப்பாவில் வரும் ஊக்கப் பொடியையும் ஊசியையும் உங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களே! தெருவில் விழுந்தவரிடம் முதலில் வந்து சேர்வது நீங்கள்தான். ஸ்டாண்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்களே, செவிலியர்களே! ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். சொல்லிக் கொடுங்கள். நாங்கள் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுப்போம்.

மாவட்ட நிர்வாகத்திடமும் விளையாட்டு ஆணையத்திடமும் நான்கு கோரிக்கைகள் வைப்போம். எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிலும் கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கிலும் யார் கண்ணிலும் படும் இடத்தில் ஏ.இ.டி. வை! அனுமதி பெறும் ஒவ்வொரு போட்டியிலும் உயிர்காப்புப் பயிற்சி பெற்ற நால்வரைக் கட்டாயமாக்கு! காவலர் தேர்வு ஓட்டத்துக்கு முன் இரண்டு கேள்வி கேட்டு, தேவைப்பட்டவருக்கு இ.சி.ஜி. எடு! இளம் வயதில் திடீரென்று இறந்தவரின் குடும்பத்தை அரசு மருத்துவமனையே அழைத்துப் பரிசோதனை செய்! ஊராட்சி தோறும் கையெழுத்து வாங்குவோம். கிராமசபையில் தீர்மானமாக்குவோம். தீர்மானத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு மக்கள் குறைதீர்க்கும் நாளில் மொத்தமாகப் போவோம்.

தோழர்களே, தோழிகளே! தூக்கிச் சுமந்து வளர்த்த பிள்ளையைப் பதினெட்டு வயதில் பறிகொடுத்த வீட்டுக்கு, மாலையோடு போய் நின்றுவிட்டுத் திரும்புவதைக் காட்டிலும் பெரிய வேலை நமக்கு இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு அவரவர் மைதானத்தில் கூடுங்கள். பயிற்சிப் பொம்மை இல்லையென்றால் மணல் நிரப்பிய சாக்கைப் போட்டு அழுத்திப் பழகுங்கள். நான்கு பேர் பெயரை எழுதி மைதானச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஞாயிறு பக்கத்து ஊருக்குப் போங்கள். தை முதல் நாளுக்குள் மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை பெயர் எழுதாத மைதானச் சுவர் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மயக்கத்தை மறைக்க மாட்டோம்! வேடிக்கை பார்க்க மாட்டோம்! நம் களத்தில் விழுகிற பிள்ளையைச் சும்மா சாக விட மாட்டோம்!

புறப்படுங்கள்!